ஊவா மலைநாட்டுக் கருமண்ணின் வரலாறு

வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் அரசாங்க அறிக்கைகளையும் சான்றாகக் கொள்வர். ஊவா மாகாணத்தின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றை ஆராய்வோர்க்கு இவற்றோடு இன்னுமொரு சான்றும் உண்டு. அதுவே மலைச்சரிவுகளின் மண். பதுளையிலிருந்து பசறைக்கோ பண்டாரவளைக்கோ செல்லும் வீதியோரங்களில் மலை வெட்டப்பட்டுள்ள இடங்களை உற்று நோக்குக. காடு எஞ்சியுள்ள உச்சிகளில் மேலே கரிய படையொன்றும், அதன்கீழ்ப் பழுப்பும், அதன்கீழ்ச் செம்மஞ்சளுமாக நிறங்கள் அடுக்கடுக்காய் நிற்கும். பழந்தேயிலை நிற்கும் சரிவுகளிலோ அக்கரிய படை மெலிந்தோ முற்றாக மறைந்தோ போக, செம்மஞ்சள் மண்ணே வெளியில் தெரியும். மேலிருந்த மண் எங்கே போயிற்று? எப்பொழுது போயிற்று? யார் கையால், யாருடைய ஆணையால் போயிற்று? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடை காண்பதற்கு மண்ணியல் அறிவும் வேண்டும். வரலாற்று அறிவும் வேண்டும். ஆதலின் முதலிற் கருமண்ணின் இயல்புகளை நோக்கி, அதன்பின் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் அம்மண் அடைந்த நிலையை ஆராய்வோம்.

கருமையின் காரணங்கள்

நிலத்தை அதன் இயல்பு நோக்கி வன்புலம், மென்புலம் எனப் பாகுபடுத்தியவர் பண்டைத் தமிழர். உழவர் வழக்கிலும் கரிசல், செவல், வண்டல், களர், உவர் என மண்ணுக்குப் பெயரிடும் மரபு இன்றும் உண்டு. இவற்றுள் கரிய மண்ணையே வளமுடைய மண் என்று பொதுவாக மதிப்பர். இம்மதிப்பீடு பெரிதும் பொருந்துவதே. ஆயினும் மண்ணெல்லாம் ஒரே காரணத்தாற் கறுப்பதில்லை. காரணம் வேறுபடின் வளத்தின் தன்மையும் அதன் ஆயுளும் வேறுபடும்.

உலகப் புகழ்பெற்ற கருமண் உக்ரேன், தென்ருசியா ஆகியவற்றின் புல்வெளிகளில் உள்ளது. ருசிய மொழியில் 'செர்னோசம்', அதாவது கருநிலம், என வழங்கும் அம்மண்ணை ஆராய்ந்து வசீலி தொகுச்சாயெவ் என்னும் அறிஞர் 1883ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் மண்ணியலைத் தனியொரு விஞ்ஞானமாக நிலைநிறுத்திற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல் முளைத்து, வேர் மடிந்து, உக்கி, சுண்ணச்சத்து மிக்க மண்ணோடு கலந்தமையால், அங்கு மேற்படையில் நூற்றுக்கு 4 முதல் 16 பங்கு வரை உக்கல் சேர்ந்துள்ளது. அக்கருமை ஒரு மீற்றர் ஆழம் வரை செல்வதும் உண்டு.

இந்தியாவின் தக்கணத்திலும், தமிழ்நாட்டிற் கோவில்பட்டி, விருதுநகர் முதலிய பகுதிகளிலும் காணப்படும் கரிசல் வேறு வகையினது. பருத்திக்குப் பேர்போன அம்மண்ணில் உக்கலின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவு. நுண்ணிய களியும், அதனோடு இறுகப் பிணைந்த சிறிதளவு சேதனப் பொருளும், கனிப்பொருள்களுமே அதற்குக் கருமை தருகின்றன. மொன்மொரிலனைற்று வகைக் களி மிகுந்திருத்தலின் மழைக்காலத்தில் அது நீரை உறிஞ்சிப் பருக்கும். கோடையிற் சுருங்கி ஆழமாக வெடிக்கும். வெடிப்பினுள் மேல்மண் விழுந்து கலத்தலால் தன்னைத்தானே உழும் மண் என்றும் அதனைச் சொல்வர். இலங்கையில் இவ்வினத்தைச் சேர்ந்த மண் மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியில் உண்டு.

ஊவா மலைகளின் கருமண் மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அது காட்டினால் ஆக்கப்பட்ட மண். இம்மலைகளின் பாறைகள் மிகப் பழமையானவை. நெடுங்காலம் மழையில் நனைந்து சிதைந்தமையால் கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் ஆகிய உப்புக்கள் பெரிதும் கழுவுண்டு போக, கயோலினைற்று என்னும் சத்துப் பிடியாக் களியும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளுமே எஞ்சின. செம்மஞ்சள் நிறம் இவ்விரும்பினால் வந்தது. இதன்மேல் அடர்காடு ஆண்டுதோறும் இலையையும் சுள்ளியையும் உதிர்த்தது. உயரத்திற் குளிர் மிகுதியாதலின் அவை மெல்லவே உக்கின. இவ்வாறு உக்கியவை சேர்ந்து சேர்ந்து கரிய மேற்படையாயின. 1961ஆம் ஆண்டில் இலங்கை மண்களை வகைப்படுத்திய மூர்மன், பானபொக்கே ஆகிய அறிஞர் மலைநாட்டு மண்ணிற் பெரும்பகுதியைச் செம்மஞ்சள் பொட்சோலிக்கு மண் என்னும் தொகுதியில் வைத்தனர். உயர்ந்த பிரதேசங்களில் அத்தொகுதிக்குத் தெளிவான கரிய மேற்படையுடைய உட்பிரிவொன்றும் உண்டு.

தோட்ட வேலைக்காக மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோருட் கரிசல் நிலத்தவரும் இருந்தனர். மலையிலே அவர்கள் கண்ட கருமண் நிறத்தால் தம் ஊர் மண்ணை ஒத்திருந்திருக்கலாம். தன்மையில் அது முற்றிலும் வேறானது. கரிசலை ஆழ உழுதாலும் அடியிலும் கரிசலே வரும். ஊவாவிலோ கருமை ஒரு மெல்லிய போர்வை மாத்திரமே. போர்வை நீங்கின் கீழே வேறு மண். இவ்வுண்மையே பின்வரும் வரலாறு முழுமைக்கும் திறவுகோல் என்க.

கருமை மாத்திரம் வளத்துக்குப் போதிய அடையாளமாகாது என்பதற்கும் மலைநாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பத்தனை எனப்படும் இயற்கைப் புல்வெளிகளை 1899ஆம் ஆண்டளவில் ஆராய்ந்த பியர்சன் என்னும் தாவரவியலாளர் அவற்றை ஈரப் பத்தனை, உலர் பத்தனை என இருவகையாகப் பிரித்தார். ஓட்டன் சமவெளி முதலிய உயரிடங்களின் ஈரப் பத்தனையில் மண் கன்னங்கரியதாயினும் அமிலம் மிக்கது. அங்கே சேதனப் பொருள் முற்றாக உக்காமற் கிடக்கும். ஊவாத் தாழ்வாரத்தின் உலர் பத்தனைகளிலோ ஆண்டுதோறும் தீ மூட்டப்பட்டமையால் மண் மெலிந்து பரல் மிகுந்தது. தோட்டம் திறக்க வந்தோர் புல்வெளியை விட்டுக் காட்டை நாடியதன் காரணம் இதுவே. காட்டு மண்ணின் கருமையே உண்மையான வளத்தின் கருமை.

மேல்மண்ணின் பௌதிக இயல்புகள்

உக்கல் நிறைந்த மண்ணைக் கையில் எடுத்து நசுக்கினால் அது சிறு சிறு உருண்டைகளாக உதிரும். களித்துணிக்கைகளையும் மணலையும் உக்கல் ஒட்டிப் பிணைத்தலால் இவ்வமைப்பு உண்டாகிறது. உருண்டைகளுக்கு இடையே பெரிய துளைகளும், உருண்டைகளுக்குள்ளே நுண்ணிய துளைகளும் உள்ளன. பெரிய துளைகளால் மழைநீர் விரைந்து உள்ளிறங்கும். வேர்களுக்குக் காற்றும் கிடைக்கும். நுண்ணிய துளைகள் நீரைப் பிடித்து வைத்துக் கோடையிற் செடிக்குக் கொடுக்கும்.

இவ்வியல்பு ஊவாவுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அதன் காலநிலை உணர்த்தும். யூன் முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைப் பெய்துவிட்டு, ஊவாவில் வறண்ட கச்சான் காற்றாக வீசும். அக்காற்றினால் யூலை முதல் செத்தெம்பர் வரை கொய்யப்படும் ஊவாத் தேயிலை தனி மணம் பெற்று உலகச் சந்தையிற் புகழ் பெற்றது. ஆயினும் அம்மாதங்களிற் செடி உயிர்வாழ்வது மண்ணில் தேங்கிய நீரினாலேயே. பின்னர் ஒற்றோபர், நவெம்பர் மாதங்களிற் கடுமழை தொடங்கும். கோடையிற் காய்ந்து வெறுமையாய்க் கிடந்த சரிவின்மீது அம்மழையின் முதல் துளிகள் விழும்போது, உருண்டை அமைப்புடைய மண் அதனை உள்ளே வாங்கும். உக்கல் இழந்த மண்ணோ மேற்பரப்பில் துளை அடைபட்டு, நீரைக் கீழ்நோக்கி ஓடவிடும். ஓடும் நீர் மண்ணையும் உடன்கொண்டு செல்லும். ஆகவே, மண் கழுவுண்டு போவதைத் தடுப்பதும் மேல்மண்ணே. முதலிற் கழுவுண்டு போவதும் மேல்மண்ணே. சிறிது போயின் எஞ்சியதைக் காக்கும் வலியும் குறையும்.

மேல்மண்ணின் இரசாயன இயல்புகள்

மண்ணின் வளத்தை அளக்க அறிஞர் கையாளும் அளவுகோல்களுள் ஒன்று கற்றயன் பரிமாற்றக் கொள்ளளவு ஆகும். பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், அமோனியம் முதலியவற்றை மழை கொண்டுபோகாதவாறு மண் எவ்வளவுக்குப் பிடித்து வைக்கும் என்பதை அது காட்டும். 100 கிராம் கயோலினைற்றுக் களி 3 முதல் 15 மில்லிச்சமவலு வரையே பிடிக்கும். கரிசலின் மொன்மொரிலனைற்று 80க்கு மேல் 100 அளவிலும் பிடிக்கும். உக்கலோ ஏறத்தாழ 200 வரை பிடிக்க வல்லது. எனவே கரிசல் உக்கல் குறைந்தும் தன் களியினாற் சத்தைக் காத்துக்கொள்ளும். ஊவாவின் மண்ணுக்கு அத்தகைய களி இல்லை. சத்தைக் காக்கும் பெட்டகமாக அதற்கு அமைந்தது உக்கல் ஒன்றே.

நைதரசனும் அவ்வாறே. மண்ணிலுள்ள நைதரசனின் மிகப் பெரும்பகுதி சேதனப் பொருளிற் கட்டுண்டு கிடந்து, நுண்ணுயிர்களாற் சிறிது சிறிதாக விடுபடுவது. பொசுபரசைப் பொறுத்தவரை, செம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் அதனை இறுகப் பற்றிக்கொண்டு செடிக்குக் கொடாது மறைக்கும். உக்கல் அப்பிடியைத் தளர்த்தும். தேயிலைச் செடி அமில மண்ணையே விரும்புவது. பி.எச். 4.5 முதல் 5.5 வரையான மண் அதற்கு ஏற்றது. அலுமினியத்தைத் தாங்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. இதனாலேயே கோப்பிக்குப் பின் மெலிந்த மண்ணிலும் தேயிலை வேரூன்ற முடிந்தது. ஆயினும் ஆயிரம் கிலோகிராம் தேயிலைத்தூளுடன் ஏறத்தாழ 40 கிலோகிராம் நைதரசன் மலையைவிட்டுச் செல்கிறது. அதனை ஈடுசெய்ய இடப்படும் அமோனியஞ்சல்பேற்று போன்ற உரங்கள் காலப்போக்கில் மண்ணின் அமிலத்தை மேலும் பெருக்கும். இட்ட உரத்தைப் பிடித்து வைக்க உக்கல் இல்லையெனின் அதிற் பெரும்பகுதி ஆற்றுக்கே சென்று சேரும்.

கோப்பிக் காலம்

பிரித்தானியர் வருமுன் ஊவாவின் கிராமங்கள் பள்ளத்தாக்கில் வயலும், சரிவிற் சேனையும், உச்சியிற் காடுமாக அமைந்திருந்தன. சேனைக்கும் காடு எரிக்கப்பட்டதாயினும், ஓரிரு போகத்தின்பின் நிலம் பல ஆண்டுகள் தரிசாக விடப்பட்டமையால் மண் மீண்டும் உக்கல் பெற்றது. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியும், அதனை ஒடுக்குதற்காக வயல்களும் வீடுகளும் அழிக்கப்பட்டமையும் அவ்வாழ்க்கை முறையைச் சிதைத்தன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அவ்வாறு முடிக்குரியதான காடு கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது.

கோப்பி பயிரிடும் முறை எளிமையானது. காட்டை வெட்டிச் சாய்த்துக் காயவிட்டுத் தீ மூட்டுவர். சாம்பலிலுள்ள பொற்றாசியமும் கல்சியமும் மண்ணிற் சேர, முதலாண்டுகளிற் செடி செழித்து வளரும். அச்செழிப்பைக் கண்டு மண்ணின் வளம் அழியாதது என நம்பினர். உண்மையில் அது பல நூற்றாண்டுகளாகக் காடு சேமித்த முதல், வட்டியன்று. நிழல் நீங்கி வெயில் நேரே பட்டமையால் உக்கல் விரைந்து சிதைந்தது. செங்குத்தான சரிவுகளிலும் செடிகள் நேர்வரிசையில் நடப்பட்டமையால் மழைநீர் வரிசை வழியே கீழோடியது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. எமிலெயா வசுத்தாத்திரிசு எனப் பெயரிடப்பட்ட அப்பூஞ்சணமே சில ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தொழிலை அழித்தது. கோப்பி அழிவின் தொடக்கம் ஊவாவிலேயே முதன்முதற் பதிவாயிற்று என்பது நம் மாகாணத்து மாணவர் அறியவேண்டிய செய்தி. நோய்க்குக் காரணம் பூஞ்சணமே, மண்ணன்று. ஆயினும் வளமிழந்த மண்ணில் நின்ற செடிக்கு நோயிலிருந்து மீளும் வலி குறைவு என்பது வெளிப்படை.

இக்காலத்தே எச்சரிக்கைக் குரலும் எழாமல் இல்லை. 1873ஆம் ஆண்டில் தாவரவியல் அறிஞர் யோசப்பு ஊக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு அறிவுறுத்தினார். உயர்மலைக் காடுகள் விற்கப்படுவது அதன்பின் கட்டுப்படுத்தப்பட்டது. இன்றும் ஊவாவின் உயர்ந்த சிகரங்களிற் கருமண் எஞ்சியிருப்பதற்கு அவ்வறிவுரையும் ஒரு காரணம். கீழ்ச்சரிவுகளுக்கோ அத்தகைய காப்பு இருக்கவில்லை.

தேயிலைக் காலமும் சுரண்டியும்

யேம்சு தெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி அழிந்த மலைகளெங்கும் பரவிற்று. ஊவா 1886ஆம் ஆண்டிற் தனி மாகாணமாயிற்று. 1890ஆம் ஆண்டில் இலங்கை வந்த தோமசு லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1924ஆம் ஆண்டிற் புகையிரதம் பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்குச் செல்லும் வழி இவ்வாறு சீராயிற்று.

மண்ணைப் பொறுத்தவரை தேயிலை கோப்பியினும் நன்று. அடர்ந்து படர்ந்த தேயிலை மழைத்துளியைத் தாங்கித் தரையைக் காக்கும். ஆயினும் நட்ட முதலாண்டுகளிலும், கவ்வாத்து வெட்டியபின் செடி மீண்டும் தழைக்கும்வரையும், செடி செத்து வெறுமையான இடங்களிலும் அக்காப்பு இல்லை. அத்தகைய காலங்களில் மண்ணைக் காத்திருக்கக்கூடியது தரையிற் படர்ந்த புல்லும் பூண்டுமே. அவற்றையோ தோட்டம் விட்டுவைக்கவில்லை.

கோப்பிக் காலத்திலிருந்து வந்த வழக்கம் புல்பூண்டு ஒன்றும் இன்றித் தரையைத் துடைத்து வைத்தல். சுத்தமான மலையே சிறந்த நிருவாகத்தின் அடையாளம் என்று துரைமார் கருதினர். கொந்தரப்பு முறையில், மாதந்தோறும், ஏக்கர்க் கணக்கில் அவ்வேலை கொடுக்கப்பட்டது. தொழிலாளியின் கையிலிருந்த கருவி சுரண்டி. அக்கருவியால் ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் புல்லோடு மேல்மண்ணும் கிளறுண்டு தளரும். அடுத்த மழை அதனைக் கொண்டோடும். புல் ஒன்றிரண்டு நின்றாற் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு. சில வேளைகளிற் சம்பளக் குறைப்பு. மண் சிவந்து வெறுமையாய்க் கிடந்தாற் பாராட்டு. இவ்வாறு, மண்ணை அழிக்கும் செயலுக்கே கூலி கொடுக்கப்பட்டது. கை தொழிலாளியினது, ஆணை அவனுடையதன்று. நிலத்தின்மேல் உரிமையோ, அதனை எவ்வாறு பேணுவது என்று சொல்லும் வாய்ப்போ அவனுக்கு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் நாட்டுரிமையும் அவனைச் சேர்ந்த பெரும்பான்மையோர்க்கு மறுக்கப்பட்டது.

இழப்பின் அளவு யாது? 1980களில் வெளிவந்த மதிப்பீடொன்று, மலைநாட்டுத் தேயிலை நிலம் ஆண்டுக்கு எக்டயர் ஒன்றுக்குச் சராசரியாக 40 தொன் மண்ணை இழந்ததென்றும், ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மேல்மண் போயிற்றென்றும் கூறுகிறது. கணித மாணவர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். ஒரு கனமீற்றர் மண் ஏறத்தாழ 1.25 தொன் எனின், 40 தொன் என்பது 32 கனமீற்றர். அதனை 10,000 சதுரமீற்றர் பரப்பில் விரித்தால் 3 மில்லிமீற்றருக்குச் சிறிது கூடும். ஆண்டுக்கு 3 மில்லிமீற்றர் கண்ணுக்குத் தெரியாது. நூறாண்டில் அது ஒரு சாண் ஆழத்தினும் மிகுதி. இயற்கை ஒரு சென்ரிமீற்றர் மண்ணை ஆக்குவதற்கு நூறாண்டும் அதற்கு மேலும் எடுக்கும்.

எச்சரிக்கையும் சட்டமும்

1925ஆம் ஆண்டிற் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. மண்ணரிப்பைப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அமர்வுப் பத்திரமாக வெளிவந்தது. விவசாயத் திணைக்களத்தில் யோக்கிம், கந்தையா ஆகிய இரசாயனவியலாளர் 1930களில் இலங்கை மண்களைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். 1951ஆம் ஆண்டில் 25ஆம் இலக்க மண்பேணற் சட்டம் நிறைவேறியது.

தோட்டங்களிலும் மாற்றம் வந்தது. சமவுயரக் கோட்டின் வழியே கான் வெட்டும் முறை பரவிற்று. கானுக்குள் இடையிடையே சிறு தடுப்புக்களை விட்டு வெட்டினால், நீர் தங்கி, மண் அடியிற் படிந்தபின் தெளிநீர் மாத்திரம் வழிந்து செல்லும். படிந்த மண்ணை வாரி மேற்பக்கத்திலே போடுவர். கல்லடுக்கி வரம்பு கட்டினர். முருக்கு மரமும் கிரவேலியாவும் நட்டு, அவற்றின் தழையை வெட்டித் தரையிலே பரப்பினர். முள்ளுக் குத்தி இறுகிய மண்ணைத் தளர்த்தினர். 1958ஆம் ஆண்டிலிருந்து மீள்நடுகைக்கு மானியம் வழங்கப்பட்டது. பழந்தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை வளர்த்து, வெட்டி மண்ணிலேயே இட்டபின் புதுச்செடி நடும் முறை அப்பொழுது வற்புறுத்தப்பட்டது. காடு பல நூற்றாண்டிற் செய்ததை மனிதன் சிறிதளவேனும் செய்ய முயன்ற முறை அதுவாகும். மண்ணைச் சுரண்டிய கைகளே கானையும் வெட்டின, கல்வரம்பையும் கட்டின. ஊவாச் சரிவுகளில் இன்று எஞ்சியுள்ள மண்ணிற் பெரும்பகுதி அவ்வுழைப்பினால் நிற்கிறது.

அண்மைக் காலம்

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆள் குறையக் குறையக் கான் துப்புரவும் கல்வரம்பும் பின்தள்ளப்பட்டன; புல்லழிக்க மருந்து தெளிக்கும் வழக்கம் பெருகிற்று. 2015ஆம் ஆண்டிற் கிளைபொசேற்று என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018ஆம் ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவெம்பரில் தடை நீக்கப்பட்டது. சேதனப் பசளை நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாக உக்கலை இழந்த மண், ஒரே பருவத்தில் உரத்தையும் இழந்தால் எதனைக்கொண்டு செடியை ஊட்டும்? சேதனப் பொருளை முதலில் ஆண்டுக்கணக்காக மண்ணிற் சேர்த்து, அதன்பின் உரத்தைப் படிப்படியாகக் குறைப்பதே மண்ணின் வரலாறு அறிந்தார் செய்யும் முறை.

மலையிலிருந்து போன மண் மறைந்துபோகவும் இல்லை. உமா ஓயாவும் பதுளு ஓயாவும் அதனை மகாவலிக்குக் கொண்டு சேர்க்கின்றன. 1990ஆம் ஆண்டிற் கட்டிமுடிக்கப்பட்ட ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் உமா ஓயா கொணரும் வண்டல் பெருஞ்சிக்கலாயிற்று. அவ்வண்டலுக்குத் தேயிலை நிலத்தோடு வெலிமடைப் பகுதியின் மரக்கறி, உருளைக்கிழங்குத் தோட்டங்களும் பொறுப்பாகும்.

மண்சரிவையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். 2014ஆம் ஆண்டு ஒற்றோபர் 29ஆம் நாட் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதையுண்டன. 2025ஆம் ஆண்டு நவெம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் பல மண்சரிவுகளைக் கண்டது. மண்ணரிப்பு வேறு, மண்சரிவு வேறு. முன்னையது மேற்படை மெல்லக் கழுவுண்ணல். பின்னையது நீரூறிய ஆழ்மண் ஒருங்கே பெயர்தல். பெருமழையும் பாறையின் அமைப்பும் சரிவின் செங்குத்துமே பின்னையதற்கு முதற் காரணங்கள். எனினும் தூர்ந்த கான்கள் மழைநீரை வழிதவறவிட்டு ஆபத்தைக் கூட்டும். மண்ணைக் காக்கும் வேலைகள் மனிதரையும் காப்பன என்பதை இதனால் உணரலாம்.

மண் மெலிவின் சுமை நாள்தோறும் விழுவது கொழுந்து பறிப்போர் மீதே. மெலிந்த மலையிற் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்த மலையில் நாள்முழுதும் நின்றும் குறித்த நிறை சேராதவருக்கு அரைப்பேர். கோப்பித் துரையின் காலத்திற் போன மண்ணுக்குரிய விலையை அவர்தம் பேத்திகள் சம்பளத்தில் இறுக்கிக்கொண்டிருக்கின்றனர்.

லயத்துப் பின்புறத்து மண்

இவ்வரலாற்றில் ஆறுதல் தரும் ஒரு பகுதியும் உண்டு. லயங்களின் பின்புறத்திலும் ஓடைக்கரையிலும் தொழிலாளர் சிறு துண்டு நிலங்களில் மரக்கறி பயிரிட்டு வந்தனர். மாடு வளர்த்தோர் சாணத்தையும் தொழுவக் குப்பையையும், ஏனையோர் அடுப்புச் சாம்பலையும் மரக்கறிக் கழிவையும் அந்நிலத்தில் இட்டனர். யான் கற்பிக்கும் வகுப்பு மாணவர் அத்தகைய நிலமொன்றின் மண்ணையும், அருகேயுள்ள பழந்தேயிலை மலையின் மண்ணையும் இரு கண்ணாடிப் போத்தல்களில் இட்டு நீரூற்றிக் குலுக்கி வைத்தனர். முன்னையதிற் கரிய துகள்கள் நீரின்மேல் மிதந்தன, நீரும் பழுப்பேறிற்று. பின்னையதில் செம்மண் அடியிற் படிந்ததன்றி மிதந்தவை சிலவே. இதனை எப்பாடசாலையிலும் செலவின்றிச் செய்து பார்க்கலாம்.

இதன் பொருள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. தமக்கு உரிமையில்லாத நிலத்தில், எவரும் கேளாமல், கூலியும் பெறாமல், இரண்டு மூன்று தலைமுறையில் அம்மக்கள் செம்மண்ணைக் கருமண்ணாக்கினர். ஊவாவின் கருமண் மீளாது போயிற்று என்பார்க்கு இதுவே மறுமொழி. அதே வேளையில், கவ்வாத்து வெட்டிய கிளைகள் மலையிலேயே உக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர் சொல்ல, அவற்றுட் பெரும்பகுதி விறகாக லயத்துக்குப் போவதையும் காண்கிறோம். வேறு எரிபொருள் வாங்க வசதியற்றவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அடுப்புக்கு வழி செய்தாற் கிளை மலையிலேயே கிடக்கும். மக்களின் வாழ்வும் மண்ணின் வாழ்வும் இவ்வாறு பின்னிக் கிடக்கின்றன.

முடிவுரை

ஊவாவின் கருமண் காட்டின் படைப்பு. அது மெல்லிய போர்வையாயிருந்தமையாற் காடு நீங்கியவுடன் காப்பிழந்தது; துடைத்து வைக்கும் வழக்கத்தால் மழைக்கு இரையாயிற்று. அழிவுக்கு இயற்கை ஓரளவே பொறுப்பு. நிலத்தை ஆண்டோர் கொண்ட முறையே பெரும்பொறுப்பு. அம்முறையை மாற்றினால் மண் மீளும் என்பதற்கும் சான்று உண்டு.

இன்று மலையகத் தமிழர்க்கு நில உரிமை வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றுள்ளது. வீட்டுக்கென 7 பேர்ச், 10 பேர்ச் என்று பேசப்படுகிறது. அக்கோரிக்கை நியாயமானது. அதனோடு இன்னொன்றையும் நாம் கேட்கப் பழகவேண்டும்: கொடுக்கப்படும் நிலத்தின் மேல்மண் எத்தனை அங்குலம்? அதன் சரிவு எத்தகையது? கான் உண்டா? வீடு கட்ட மாத்திரமன்றிப் பயிரிடவும் இடமுண்டா? உறுதிப்பத்திரம் பரப்பை மாத்திரமே சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. பட்டம் பெற்றும் பெறாமலும் இக்கல்லூரிகளைவிட்டு வெளியேறும் நம் மாணவர், தம் பெற்றோர் நின்ற மலையின் மண்ணை ஒரு முறையேனும் வெட்டிப் பார்த்து, அளந்து, எழுதி வைப்பாராயின், அவ்வாழத்தின் கணக்கு அடுத்த தலைமுறைக்கு மிஞ்சும்.